பாக்கெட் பாஸ்தாவுடன் பல வருடங்கள்

பாஸ்தா நன்றாக வரவில்லை என்றால் பெரும்பாலானோர் சாஸைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். வேறு பாட்டில், வேறு சீஸ், இன்னும் கொஞ்சம் க்ரீம். வீட்டிலும் வெளியூர்களிலும் பல வருடங்களாகப் பாஸ்தா சமைத்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. முதலில் மாற்ற வேண்டியது பாக்கெட்டை. அடுத்து, சமையலின் கடைசி இரண்டு நிமிடங்களை. சாஸெல்லாம் அப்புறம்தான்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். டியூரம் என்ற கெட்டியான கோதுமை ரகத்தின் ரவை, தண்ணீர், இவ்வளவுதான் இருக்க வேண்டும். காய்ந்த பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் அந்தக் கட்டாயம் இல்லை. சாதாரணக் கோதுமை மாவு கலந்தது கொதிக்கும்போதே கரைய ஆரம்பித்து, ஒரு நிமிடம் தவறினால் களியாகிவிடும். டியூரத்தில் இருக்கும் புரதம் வலைபோல நின்று மாவுச்சத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் நான் பார்க்கிற அடுத்த எண் புரதம். 100 கிராமுக்கு 13 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் தயங்காமல் வாங்குவேன்.

மூன்றாவது விஷயத்துக்குக் கண்ணே போதும். வழுவழுவென்று பளபளக்கும் மஞ்சள் பாஸ்தா டெஃப்லான் அச்சில் பிழியப்பட்டு, அதிக சூட்டில் சீக்கிரம் உலர்த்தப்பட்டதாக இருக்கும். மேலே மாவு தூவியதுபோல் சொரசொரப்பாக, வெளிறிப்போய் இருந்தால் அது வெண்கல அச்சு, மெதுவான உலர்த்தல். இந்தச் சொரசொரப்பில்தான் சாஸ் ஒட்டும். தண்ணீரிலும் மாவுச்சத்து கூடுதலாக இறங்கும், அதன் அருமை பின்னால் தெரியும். வெண்கல அச்சில் செய்கிறவர்களில் டி செக்கோ, ரும்மோ இரண்டையும் நீண்ட நாளாகப் பயன்படுத்துகிறேன், குறை சொல்ல எதுவும் இல்லை. நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கும் கிரன்யானோ ஊர்ப் பாஸ்தாவுக்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அந்த முத்திரை உள்ள பாக்கெட் கிடைத்தால், பூண்டும் எண்ணெயும் மட்டும் சேரும் எளிய சமையலுக்கு எடுத்து வையுங்கள். காரசாரமான இறைச்சி சாஸுக்குள் போட்டால் அதன் வித்தியாசம் தெரியாது.

இனி தண்ணீர். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர்களின் வழக்கமான கணக்கு. நான் தண்ணீரை 700 மில்லியாகக் குறைத்துவிட்டேன். லிட்டருக்கு 7 கிராம் உப்பு எனக்குப் போதும், ஏனென்றால் அந்தத் தண்ணீரே கடைசியில் சாஸாக வற்றப்போகிறது. கொதிநீரில் எண்ணெய் விடுவதால் ஒட்டாமல் இருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. எண்ணெய் மேலே மிதக்கும், பாஸ்தா கீழே ஒட்டும். போட்ட முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினாலே போதும்.

சரி, அந்தக் கடைசி இரண்டு நிமிடங்கள். பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டிலேயே எடுத்து, வடிகட்டிக்குள் கொட்டாமல், இடுக்கியால் நேராகச் சாஸ் இருக்கும் வாணலிக்கு மாற்றுங்கள். கூடவே பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி. அடுப்பைக் கூட்டி வைத்து வேகமாகக் குலுக்கிக் கிளறும்போது எண்ணெயும் தண்ணீரும் மாவுச்சத்தின் தயவால் ஒன்றாகக் கலந்து, பால்போல் கெட்டியாகி, ஒவ்வொரு இழையிலும் பூசிக்கொள்ளும். தட்டின் அடியில் எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் தேங்கினால் இந்தக் கட்டம் நடக்கவே இல்லை என்று அர்த்தம். சாஸை மேலே ஊற்றித் தருவதற்கும் இதற்கும் உள்ள தூரம் ஒரு முறை செய்து பார்த்தால் விளங்கிவிடும்.

இதில் கைதேர்ந்தவரையும் கவிழ்ப்பது காச்சோ எ பெப்பே என்ற ரோம் நகரத்துப் பாஸ்தா. பெக்கரினோ ரோமானோ சீஸ், மிளகு, பாஸ்தா, அவ்வளவுதான். சூடு கொஞ்சம் கூடினால் சீஸின் புரதம் திரண்டு கட்டியாகிவிடும். இயற்பியலாளர்கள் சிலர் இதை முறையாக ஆராய்ந்து, சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரளாது என்று கண்டுபிடித்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசையும் 2025-ல் வாங்கினார்கள். 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் சோள மாவை (கார்ன்ஃபிளார்) தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டுக் கலக்க வேண்டும். இது ஏமாற்று வேலை என்று முறைப்பவர்கள் முறைக்கட்டும். விருந்தாளி வரும் நாளில் நான் இப்படித்தான் செய்கிறேன். (ஸ்பகெட்டியை வளைத்தால் ஏன் இரண்டாக உடையாமல் மூன்று நான்கு துண்டாகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கும் 2006-ல் இதே பரிசு கிடைத்தது. பாஸ்தாவுக்கும் இக் நோபலுக்கும் ஏதோ பொருத்தம்.)

சாதனங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எடைத் தராசு வாங்குங்கள், கண்ணளவு எப்போதும் கூடுதலாகத்தான் போகும். ஒரு ஆளுக்கு 80 முதல் 100 கிராம். மாவு உருட்டும் இயந்திரத்தில் முட்டை பாஸ்தா அருமையாக வரும், ஆனால் அது வேறு பண்டம், காய்ந்ததைவிட உயர்ந்தது என்று இல்லை. என்னுடையது பெரும்பாலும் அலமாரியில்தான்.

பயணத்தில்தான் பாஸ்தாவின் உண்மையான பயன் தெரிந்தது. விடுதிச் சமையலறை என்றால் மெல்லிய பாத்திரம், சூடேறாத அடுப்பு, பின்னால் வரிசையில் இன்னொருவர். அங்கே நீள ஸ்பகெட்டி வேண்டாம். பென்னே, ஃபுசில்லி போன்ற குட்டை ரகம் எந்தப் பாத்திரத்திலும் அடங்கும். அவசரத்துக்கு மூன்று நான்கு நிமிடத்தில் வேகும் ஏஞ்சல் ஹேர் என்ற மெல்லிய இழை ரகம். பையில் ஆலிவ் எண்ணெய் சின்ன பாட்டில், பூண்டு, காய்ந்த மிளகாய், மிளகு இருந்தால் எந்த ஊரிலும் இரவு உணவு தயார். சீஸும் இறைச்சியும் மட்டும் போன இடத்திலேயே வாங்குங்கள். வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் அவற்றைக் கொண்டுபோகப் பொதுவாக அனுமதி இல்லை.

எரிவாயு குறைவாக இருந்தால் இரண்டு வழிகள். கொதிநீரில் இரண்டு நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து, இறுக மூடிவைத்துப் பாக்கெட்டில் சொன்ன நேரம் முடியும்வரை விடுவது ஒன்று. 2021-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோர்ஜோ பாரிசி அடுத்த வருடம் இந்த யோசனையை ஆதரிக்க, இத்தாலியச் சமையல்காரர்கள் சிலர் கொதித்துப் போனார்கள். என் அனுபவத்தில் கனமான மூடி இருந்தால் நன்றாகவே வருகிறது, மெல்லிய பாத்திரத்தில் கொஞ்சம் பிசுபிசுக்கிறது. இன்னொன்று, பாஸ்தாவைக் குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவைப்பது. பிறகு கொதிக்கும் சாஸில் ஓரிரு நிமிடம் போதும். முகாம்களில் எனக்குப் பிடித்தது இதுதான். மலையேறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாக்கெட் நேரத்தை அங்கே நம்ப வேண்டாம், அடுப்பை அணைக்கும் உத்தியையும் விட்டுவிடுங்கள்.

இத்தாலியில் சாப்பிட்டபோது முதலில் உறைத்தது சாஸின் அளவு. தட்டில் பாஸ்தாதான் தெரியும், சாஸ் அதன் மேல் ஒரு பூச்சு. ரோமில் குவாஞ்சாலே என்ற பன்றிக் கன்னக் கொழுப்பும் பெக்கரினோவும் சேர்ந்தால் கிரிச்சா. அதில் முட்டை சேர்ந்தால் கார்பொனாரா, தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா. இந்தக் கணக்கு பிடிபட்டதும் வீட்டில் செய்முறைக் குறிப்பு பார்ப்பதே நின்றுபோனது. பொலோன்யா நகரத்தில் ரகூ என்ற இறைச்சி சாஸை ஸ்பகெட்டியோடு எதிர்பார்க்காதீர்கள், அங்கே அது தாலியாத்தெல்லே என்ற தட்டையான நாடாப் பாஸ்தாவோடு வரும். வெந்த தாலியாத்தெல்லே 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-ல் வணிக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். இத்தாலி என்றாலே எல்லாம் நன்றாக இருக்கும் என்றும் இல்லை. சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஒரு சதுக்கத்தின் ஓரத்தில், வாசலில் உணவுப் படங்களை மாட்டியிருந்த ஓர் உணவகத்தில் க்ரீம் மிதக்கும் கார்பொனாராவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பலகையில் ஐந்தாறு வகை மட்டும் எழுதியிருக்கும் இடமாகப் பார்த்து நுழையுங்கள்.

குறைகளும் உண்டு. பாஸ்தா யாருக்காகவும் காத்திருக்காது. பெட்டியில் அடைத்து வீட்டுக்கு வரும் பாஸ்தா எந்தக் கடையிலிருந்து வந்தாலும் ஊறிப்போய்த்தான் வரும், அதை ஆர்டர் செய்வதையே விட்டுவிட்டேன். கொண்டைக்கடலைப் பாஸ்தா பொங்கி வழிகிறது, ஒரு நிமிடம் கூடினால் உடைகிறது, புரதத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளலாம். முழுக்கோதுமை ரகம் காளான், பூண்டு போன்ற அழுத்தமான சுவைகளோடு மட்டும் எனக்கு ஒத்துவருகிறது. மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதை மைக்ரோவேவில் சுடவைப்பதைவிட, அடித்த முட்டையும் சீஸும் கலந்து வாணலியில் அடை மாதிரி இரண்டு பக்கமும் சிவக்க விடலாம். நேப்பிள்ஸ்காரர்கள் செய்வது அதைத்தான், ஆறிய பிறகும் நன்றாக இருக்கும் என்பதால் ரயில் பயணத்துக்கும் கட்டிக்கொண்டு போகலாம்.