புரட்டாதிக்கு ஓர் எண், மாசிக்கு ஓர் எண்: இருப்பு எச்சரிக்கையோடு சில வருடங்கள்

உழவு இயந்திர உதிரிப்பாகம், நீர்ப்பம்பி, குழாய், பயிர் மருந்து எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை எங்களுடையது. இடம் கிளிநொச்சி. சரக்கிருப்பு மென்பொருள் கடைக்கு வந்து சில வருடங்களாகிவிட்டன. அதில் நான் அதிகம் மதிப்பதும் அதிகம் திட்டுவதும் ஒரே வசதியைத்தான்: ஒரு பொருள் தீரப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வசதி எதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது. கெடுவதும் ஒரே இடத்தில்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணைப் பதிந்துவைக்கிறோம். இருப்பு அதைத் தொட்டதும் மென்பொருள் குரல் கொடுக்கிறது. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு இது மீள்கட்டளை மட்டம். உயர்ந்தபட்ச நுகர்வை உயர்ந்தபட்ச கட்டளைக் காலத்தால் (கட்டளையிட்டதிலிருந்து சரக்கு வந்துசேரும்வரை ஆகும் காலம்) பெருக்கு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது நினைவிருக்கும். ஓடூ என்ற மென்பொருளில் கீழ் எல்லை, மேல் எல்லை என இரண்டு எண்கள் கொடுக்கலாம். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற இன்னொன்றில் இருப்பு இறங்கியதும் கொள்வனவுக் கோரிக்கையே தானாக உருவாகும்படி வைக்கலாம். நிறுவ வந்தவர் எல்லாப் பொருளுக்கும் 5 என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, "இனிக் கவலையில்லை, அண்ணை" என்று சொல்லிப் புறப்பட்டுவிடுவார். கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவருக்கு 5 போதும். காலையில் தீர்ந்த பொருள் மாலைக்குள் பக்கத்துத் தெருவிலிருந்து வந்துவிடும். நமக்கு அது 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கடைசியில் ஏ9 வீதியில் ஏறிவர வேண்டும். அதற்கும் முன்னால், நிறுவனப் பிரதிநிதி கட்டளை எடுக்க வர வேண்டும். தொலைபேசியில் சொன்னால் ஆகாதா என்று கேட்கலாம். சின்னத் தொகைக்கு லொறியில் இடம் தரமாட்டார்கள். ஆகவே சரக்கு வரும் நாட்களோடு, பிரதிநிதியின் ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 6 விற்கும் பொருள், வந்துசேர 5 நாள், பிரதிநிதி 14 நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 19 நாளுக்கு 114 வேண்டும். கைகாவலாக 24 சேர்த்தால் 138. அந்த 14 நாளை மறந்தவருக்கு விடை 54 என்று வரும். இரண்டுக்கும் இடையில் எத்தனை விவசாயிகள் வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள் என்பதை நீங்களே கணக்கிடலாம். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பில் மொத்தக் கடைகள் பூட்டப்படும் காலத்தில் அந்த 5 நாளும் 5 நாளாக இருக்காது.

இதையெல்லாம் ஒருமுறை சரிசெய்து முடித்தாலும், அந்த எண் வருடம் முழுவதும் நிற்காது. இரு சக்கர உழவு இயந்திரத்துக்கான பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு செய்யும் பெரிய நெற்செய்கைக்கு, நிலம் பண்படுத்தும் புரட்டாதி, ஐப்பசியில் அது அரிசி பருப்புப் போல ஓடும். மாசியில் அதே பெல்ட் ஆணியில் தொங்கித் தூசி பிடிக்கும். புரட்டாதிக்கு 138 சரியென்றால் மாசிக்கு 24 போதும். வருடச் சராசரியை எடுத்து நடுவில் ஓர் எண்ணைப் போடுகிறவர் பருவத்தில் தட்டுப்பாட்டையும் பருவம் தப்பிய பின் தேக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். பயிர் மருந்துக்குக் காலாவதித் திகதியும் உண்டு. அங்கே தேக்கம் என்பது நேரடி நட்டம்.

அடுத்து வரும் கோடை நெற்செய்கையான சிறுபோகம் இன்னும் சிக்கலானது. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். வருடத்துக்கு வருடம் அது மாறும். எந்த மென்பொருளுக்கும் இரணைமடுவின் நீர்மட்டம் தெரியாது. கூட்ட முடிவு வெளிவந்த அன்று மாலை எங்கள் கடையில் நடக்கும் முதல் வேலை, விரிதாளைத் திறந்து எண்களைத் திருத்தி மென்பொருளில் ஏற்றுவது. ஒவ்வொரு பொருளாகத் திறந்து மாற்ற வேண்டிய மென்பொருள் என்றால் ஒருவரும் மாற்றமாட்டார்கள். மொத்தமாக ஏற்றும் வசதி இருக்கிறதா என்பதைத்தான் வாங்குமுன் முதலில் பார்க்கச் சொல்வேன். வண்ண வரைபடம் எல்லாம் பிறகு.

பெல்ட்டில் இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் பக்கம் ஓடும் இரு சக்கர இயந்திரங்கள் பலவற்றில் மூன்று பெல்ட்டுகள் அருகருகே பூட்டியிருக்கும். ஒன்று அறுந்தாலும் மூன்றையும் மாற்றுவதே முறை. பழையது இரண்டும் நீண்டு தளர்ந்திருக்கும், புதியது தனியாகச் சுமையை இழுத்துச் சீக்கிரம் போய்விடும். இது தெரிந்த விவசாயி ஒன்று வாங்கவே மாட்டார். ஆகவே கடையில் இரண்டு இருந்தால் ஒன்றுமில்லை என்றே அர்த்தம். மென்பொருளோ "2 உள்ளது" என்று நிம்மதியாக இருக்கும். இப்படிப்பட்ட பொருளைத் தனி எண்ணாகப் பதியாமல் மூன்று கொண்ட தொகுதியாகவே பதிந்திருக்கிறோம். எச்சரிக்கையும் தொகுதிக் கணக்கில்தான் வருகிறது.

பழைய விற்பனையைப் பார்த்து மென்பொருளே எண்ணைப் பரிந்துரைக்கும் வசதி இப்போது பலவற்றில் இருக்கிறது. கேட்க நன்றாயிருக்கும். ஆனால் பொருள் இல்லாத நாளில் விற்பனை பூச்சியம். தேவையும் பூச்சியம் என்று அது எடுத்துக்கொள்ளும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள். அடுத்த வருடம் டொலர் நெருக்கடி. அந்த இரண்டு வருடத் தரவையும் சராசரியில் சேர்த்தால், வன்னியில் ஒருவருக்கும் யூரியா தேவைப்படவில்லை என்று பரிந்துரை வரும். அந்தக் காலப்பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கிவைக்க வழி இல்லாத மென்பொருளின் பரிந்துரையை நான் திறந்தும் பார்ப்பதில்லை.

எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது என்றால் அனுப்பாமலே இருக்கலாம். ஒவ்வொரு விற்பனைக்கும் கைத்தொலைபேசி ஒலித்தால் இரண்டாம் கிழமையே அமைதியாக்கிவிடுவோம். காலையில் கடை திறக்கும்போது ஒரே ஒரு பட்டியல், அதுவும் வழங்குநர் வாரியாகப் பிரித்து வருவதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. பிரதிநிதி வாசலில் நிற்கும்போது அவருடைய பக்கத்தை மட்டும் எடுத்து நீட்டினால் போதும். எல்லாப் பொருளுக்கும் எச்சரிக்கை வைக்கவும் கூடாது. விலை குறைந்தாலும் இல்லாவிட்டால் பெரிய வியாபாரத்தையே தடுத்துவிடும் பொருள்கள் முதலில் வர வேண்டும். குழாய் ஒட்டும் பசை ஒரு சிறு டப்பா. அது இல்லையென்றால் குழாய் வாங்க வந்தவர் மொத்தச் சாமானையும் பரந்தன் சந்தியில் வாங்கிக்கொள்வார்.

இது எல்லாமே பதிவு சரியாக இருந்தால்தான். விதைப்புக் காலத்தில் பாதி வியாபாரம் கடன்; அறுவடை முடிந்துதான் காசு வரும். காசு வரும்போது பதியலாம் என்று கொப்பியில் மட்டும் எழுதினால், தட்டில் இல்லாத பொருள் திரையில் மாதக்கணக்கில் இருக்கும். சாமான் படி இறங்கும்போதே கடன் பட்டியலாகப் பதிவதே எங்கள் கடையின் சட்டம். முற்பணம் வாங்கி ஒதுக்கிவைத்த பம்பியும் அப்படியே. கையிருப்பையா, ஒதுக்கியது போக எஞ்சியதையா எச்சரிக்கை பார்க்கிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

செலவு விடயம்: சந்தா டொலரில் என்றால் யோசிக்கவும். 2022 மார்ச்சில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது; சந்தாவும் கூடவே ஏறியது. மின்வெட்டு நீண்ட அதே நாட்களில், இணையம் இல்லாமலும் விற்பனைப் பட்டியல் போட முடிகிற மென்பொருளின் அருமை தெரிந்தது.

இன்னும் தீராத ஒன்று சுருள் குழாய். சுருளாக வாங்கி அடிக்கணக்கில் வெட்டி விற்கிறோம். வாங்கும் அலகு வேறு, விற்கும் அலகு வேறு என்பதை மென்பொருள் நன்றாகவே சமாளிக்கிறது. ஆனால் 40 அடி இருக்கிறது என்று அது சொல்லும்போது, உள்ளே கிடப்பது 18, 12, 10 என்று மூன்று துண்டுகள். வந்தவர் கேட்பது 25. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பதியலாம்தான்; வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அதற்கு யாருக்கு நேரம்? அதனால் குழாய்க்கு மட்டும் எச்சரிக்கையை நிறுத்திவிட்டோம். கடைசிச் சுருளை அவிழ்க்கிற தம்பி, கத்தியை எடுக்குமுன் என்னைக் கூப்பிட வேண்டும்.