ஜங்ஷனில் வாங்கிய நோக்கியா 1100

உதட்டில் கண்ணாடி மாதிரி லிப் கிளாஸ், இமையில் சில்வர் ஐ ஷேடோ, தலையில் பட்டாம்பூச்சி கிளிப். "இப்போ இதுதான் ஃபேஷன் சித்தி" என்று வந்து நின்றாள் அக்கா மகள். ஏட்டி, இதே கோலத்தில்தான் நான் பாளையங்கோட்டையில் காலேஜுக்குப் போனேன்! அந்த ஆசையில் நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய செல்போன் கடையில் நோக்கியா 1100 வாங்கினேன். 850 ரூபாய்.

2003இல் வந்த மாடல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 'சி' பட்டனை அழுத்திப் பிடித்தால் உச்சியில் டார்ச் எரியும், அதற்கே காசு கொடுக்கலாம். ரப்பர் பட்டன்களைக் கட்டைவிரல் மறக்கவே இல்லை. திரையைப் பார்க்காமலே 'சாப்டியா' என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டேன். பாம்பு விளையாட்டில்தான் பழைய வேகம் இல்லை (எனக்கு).

குறை கடைக்காரர் மேல்தான். புதுசு என்று தந்த பேட்டரி மூன்றாம் நாளே உப்பிவிட்டது, மாற்றித் தரவில்லை. நல்ல வேளை, இதற்கான பிஎல்-5சி பேட்டரி இன்னும் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் கவனிக்க: இது 2ஜி போன். 4ஜி மட்டும் உள்ள சிம்மைப் போட்டால் சிக்னலே வராது. நானோ சிம் என்றால் அடாப்டரும் வேண்டும்.

கேமரா இல்லை என்றதும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. இப்போது ரீல்ஸில் காதில் வைத்துக்கொள்ள மட்டும் இரவல் வாங்கிப் போகிறாள். மற்ற நேரம் என் தலையணை அடியில்தான் கிடக்கிறது.