உறை பிரிந்த லைனரை வாங்காதீர்கள்

வலது முழங்காலுக்குக் கீழே எனக்குச் செயற்கைக் கால். அதை மாட்டுமுன் தோல்மேல் போடும் சிலிக்கான் உறைதான் லைனர். பழைய லைனர் கிழிந்துவிட்டதால், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், தாளடி நெல் போட்ட பணத்தில் 28,000 ரூபாய் கொடுத்துத் தஞ்சாவூரில் ஒரு கடையில் புதிது வாங்கினேன். புதிது என்றுதான் நினைத்தேன்.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை இல்லை. கேட்டதற்கு, "பார்வைக்கு வைத்திருந்தது சார்" என்றார் கடைக்காரர். "தினமும் கழுவினால் சீக்கிரம் கிழிந்துவிடும். வாரம் ஒருமுறை துடையுங்கள், கசகசத்தால் பவுடர் போடுங்கள்" என்று யோசனை வேறு.

லைனர் தோலோடு ஒட்டிக்கிடக்கும். வியர்வை வெளியேற வழியே கிடையாது. அந்த வெயிலில் சாயங்காலம் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் சொட்டும். ஒன்பதாம் நாள் சிவந்த பொரிகள், மறுநாள் சீழ். மருத்துவர் மயிர்க்கால் அழற்சி என்றார். சீழ்ப் பரிசோதனையில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா கிடக்கும் கிருமிதானாம். ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் மயிர்க்கால் வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் கழுவாமல் விட்டதுதான் அதை வளர்த்தது என்று திட்டினார்.

பன்னிரண்டு நாள் கால் மாட்டவில்லை. போர் தண்ணீரில் குறுவை நாற்றங்கால் விட்டிருந்த நேரம். நனைந்த வரப்பில் ஊன்றுகோலோடு நடந்தவருக்குத்தான் அந்த அவதி தெரியும்.

மருத்துவரைப் பார்த்த அன்றிரவே, அவர் சொன்னபடி லைனரை உட்புறம் வெளியே வரத் திருப்பி, வாசனையில்லாத மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கழுவினேன். சோப்பு மிச்சமிருந்தாலும் தோல் அரிக்கும் என்பதால் நன்றாக அலசினேன். அடியில், செயற்கைக் காலோடு பூட்டும் 'பின்' (ஊசி) பொருந்தும் இடத்து விளிம்பில், ஒரு முடி ஒட்டியிருந்தது. வெள்ளை முடி. எனக்கு வயது 36, காலில் ஒரு நரை கிடையாது. வெளித்துணியில் பேனாவால் எழுதி அழித்த எண்ணும் தெரிந்தது. கடையிலேயே இப்படித் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், கூச்சப்பட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது தினமும் இரவில் கழுவி, மறுபடி சரியாகத் திருப்பி, நிழலில் உலர்த்துகிறேன். லைனர் போட்ட காலை நுழைக்கும் கிண்ணமான பழைய சாக்கெட்டையும் துடைக்கிறேன். என் காலைக் கழுவுவதும் இரவில்தான். இதையெல்லாம் விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

லைனரை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். "உங்கள் வீட்டில் பெரியவர்கள் முடி ஒட்டியிருக்கும்" என்றார். என் அம்மாவின் முடி அரை விரற்கடை நீளமா? பணத்தைக் கேட்டேன். "உபயோகித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை சார்" என்று முகம் மாறாமல் சொன்னார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்ல ரசீதை எடுத்துப் பார்த்தால், தயாரிப்பு எண் இல்லை, அளவு இல்லை. 'காலுறை - 1' என்று மட்டும் எழுதியிருக்கிறது.