வேட்பாளர் சொத்துக்கணக்கு பார்க்கற ரெண்டு சைட், பார்டர்ல இருந்து ஒரு ரிவ்யூ

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், வீடு கேரளாவுல இருக்கும் தோட்டம் தமிழ்நாட்டுல இருக்கும், ஓட்டு ஒரு பக்கம், கொடுக்கல் வாங்கல் ரெண்டு பக்கமும். 2021ல ரெண்டு ஸ்டேட்டுக்கும் ஒரே நாள்ல ஏப்ரல் 6ந்தேதி ஓட்டுப்பதிவு, எங்க சொந்தத்துல பாதிப்பேருக்கு சித்தூர் தொகுதி, மீதிப்பேருக்கு பொள்ளாச்சி. அதனால எலக்‌ஷன் வந்தா ரெண்டு பக்கத்து வேட்பாளர் அஃபிடவிட்டும் (சொத்து, கடன், கேஸ் விவரத்த சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கற பத்திரம்) படிக்கறது எனக்கு வழக்கமாயிருச்சுங்க. அதுக்கு நான் யூஸ் பண்றது ரெண்டு, ஒண்ணு தேர்தல் கமிஷனோட அஃபிடவிட் போர்ட்டல், இன்னொண்ணு ஏடிஆர் (Association for Democratic Reforms) அமைப்பு நடத்தற மைநேதா சைட். ரெண்டும் இலவசம்.

இந்தப் பேப்பர் நம்ம கைக்கு சும்மா வந்துடல. 1999ல அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் ஆரம்பிச்சதுதான் ஏடிஆர். அவங்க கேஸ் போட்டு, 2002 மே மாசம் சுப்ரீம் கோர்ட், வேட்பாளரோட சொத்து, கடன், கிரிமினல் கேஸ் எல்லாம் வாக்காளருக்கு தெரியணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. உடனே கட்சி பேதமில்லாம எல்லாரும் சேர்ந்து, இவ்வளவெல்லாம் சொல்ல வேண்டியதில்லன்னு மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 33பி பிரிவை சேர்த்தாங்க, 2003 மார்ச்சுல கோர்ட் அதையும் ரத்து பண்ணுச்சு. இத தெரிஞ்சுட்டு படிச்சீங்கன்னா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மதிப்பு வரும்.

மைநேதால நல்லது என்னன்னா, அஃபிடவிட்ட பிரிச்சு டைப் பண்ணி வெச்சிருப்பாங்க. மொத்த சொத்து, கடன், கேஸ் எல்லாம் ஒரே பார்வைல கிடைக்கும், அதே ஆள் போன தடவை நின்னிருந்தா அந்தக் கணக்கையும் தொறந்து பக்கத்துல வெச்சு பாக்கலாம், அஞ்சு வருஷத்துல எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரிஞ்சிரும். இங்கிலீஷ்ல இருக்கு, அது ஒரு குறை. கமிஷன் போர்ட்டல்ல கிடைக்கறது ஸ்கேன் பண்ண பிடிஎஃப், அதுல பேர் தேடவோ எண் தேடவோ முடியாது, கண்ணாலதான் படிக்கணும். ஆனா ஒரிஜினல் அதுதான், கையெழுத்து, நோட்டரி சீல் எல்லாம் அதுலதான். நான் சொல்றது, மைநேதால ஆரம்பிங்க, ஒரிஜினல்ல முடிங்க.

நம்ம ஆளுங்க நேரா மொத்த சொத்து எத்தனை கோடின்னு பாத்துட்டு மூடிடறாங்க. எனக்கு அது பெரிய விஷயமே இல்ல, கோடி இருக்கறதுல தப்பில்ல, அந்த கோடி எங்க மாட்டியிருக்குங்கறதுதான் கேள்வி. அஃபிடவிட் எழுதற படிவமான ஃபார்ம் 26ல நிலத்துக்கு சர்வே நம்பர் உண்டு, பரம்பரையா கிரயமா, எப்ப வாங்கினது, என்ன விலைக்கு, இன்னைக்கு சந்தை விலை என்னன்னு எல்லாம் உண்டு. பார்டர்ல இருக்கறவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, தமிழ்நாட்டு சர்வே நம்பருக்கு பதிவுத்துறை சைட்ல கைட்லைன் வேல்யூ (கவர்மென்ட் வெச்சிருக்கற நில மதிப்பு) பாத்துக்கலாம், கேரளா பக்கத்துக்கு அதே மாதிரி ஃபேர் வேல்யூ அந்த ஸ்டேட் பதிவுத்துறை சைட்ல இருக்கு. ரெண்டையும் வெச்சு அவர் எழுதின சந்தை விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. கேரளா ரெக்கார்டுல நிலத்த ஆர்ங்கற (are) அளவுல போட்டிருப்பாங்க, 40 ஆர்னா சுமாரா 99 சென்ட், கொறச்சு நினைச்சுடாதீங்க.

அதவிட முக்கியமானது கவர்மென்ட் கான்ட்ராக்ட் பத்தின பகுதி. 2018 பிப்ரவரி 16ந்தேதி லோக் பிரஹரிங்கற அமைப்பு போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இது, வருமானம் எங்கிருந்து வருது, கவர்மென்ட் கூட என்ன கான்ட்ராக்ட் இருக்குன்னு சொல்லணும்னு. வேட்பாளர் பேர்ல மட்டும் இல்லீங்க, மனைவி அல்லது கணவர், அவங்கள நம்பி இருக்கறவங்க, அவங்க பங்குதாரரா இருக்கற ஃபர்ம், ஷேர் வெச்சிருக்கற பிரைவேட் கம்பெனி, டிரஸ்ட் வரைக்கும் கேக்கறாங்க. ரோடு வேலை எடுக்கறவர், கால்வாய் தூர்வார வேலை எடுக்கறவர் எம்எல்ஏ ஆனா டெண்டருக்கு எஸ்டிமேட் போடற ஆபீசர் இவரைத்தான பாக்கணும், அதுனால இந்தப் பக்கத்த படிக்காம ஓட்டு போடக்கூடாதுன்னு நான் நினைக்கறேன். ஏற்கனவே மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 9ஏ பிரிவு இருக்கு, கவர்மென்ட் கூட கான்ட்ராக்ட் நடப்புல இருந்தா தகுதி நீக்கம். ஆனா அது ரெண்டே ரெண்டு வகைக்குத்தான், சரக்கு சப்ளை, கவர்மென்ட் வேலை.

கல்குவாரி குத்தகை அதுல வராது. ஆந்திராவுல இருந்து போன சி.வி.கே. ராவ் கேஸ்லயே சுரங்கக் குத்தகை சப்ளை கான்ட்ராக்ட் ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. இங்க வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் வழியா கல்லும் எம்-சாண்டும் ஏத்திட்டு லாரி ராத்திரி பகலா போற ஊருக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு யோசிச்சு பாருங்க, கிரஷர் வெச்சிருக்கறவர் ஜெயிச்சு போய் கனிமவள விதியப் பத்தி சட்டசபைல பேசலாம், சட்டம் தடுக்காது. அதனால கான்ட்ராக்ட் கட்டத்துல இல்லைன்னு போட்டிருந்தாலும் தொழில், வருமான வழி, ஷேர், அட்வான்ஸ் கொடுத்த கடன் இந்த நாலையும் சேர்த்து படிக்கணும். யாருக்கு கடன் கொடுத்திருக்கார், யார்கிட்ட வாங்கியிருக்கார்ங்கற லிஸ்ட்ல வர்ற கம்பெனி பேருங்கதான் பல சமயம் உண்மைய சொல்லும்.

இன்னொரு ஓட்டை மச்சான். கல்யாணமாகி தனியா சம்பாதிக்கற பையன், பொண்ணு, தம்பி, மச்சான் யாரும் இந்த ஃபார்முக்குள்ள வரமாட்டாங்க. எங்க பக்கத்துல ஒருத்தர், பேர் வேண்டாம், அஃபிடவிட்ல ஒரு பழைய காரும் அப்பா விட்டுப்போன தோப்பும்தான், லாரியெல்லாம் மச்சான் பேர்ல ஓடுதுன்னு ஊருக்கே தெரியும், பேப்பர்ல பொய்னு ஒரு வரி காட்ட முடியாது. கேரளாவுல உயர்கல்வி, சிறுபான்மையர் நல அமைச்சரா இருந்த கே.டி. ஜலீல் விஷயம் ஞாபகம் இருக்கும், சிறுபான்மையர் வளர்ச்சி நிதிக் கழகத்துல உறவினர ஜெனரல் மேனேஜரா போட்டதுக்கு ஊழல் புகார விசாரிக்கற லோக் ஆயுக்தா பதவி துஷ்பிரயோகம்னு சொல்லி 2021 ஏப்ரல்ல அவர் ராஜினாமா பண்ணார். எந்த அஃபிடவிட்டும் அத முன்கூட்டி காட்டியிருக்காது. அதுக்கப்புறம் லோக் ஆயுக்தா சொன்னா பதவி விலகியே ஆகணும்ங்கற கேரளா லோக் ஆயுக்தா சட்டத்தோட 14ம் பிரிவையே 2022ல திருத்தி பல்ல புடுங்கிட்டாங்க, ஜனாதிபதி ஒப்புதல் 2024ல வந்துச்சு. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், இந்தியாவுல அப்படி ஒரு வலுவோட இருந்த சட்டம் அது.

நகையோ வாட்சோ ஒண்ணு விடாம எழுதணுமான்னா வேண்டாம், மதிப்புல பெருசா இல்லாத அசையும் சொத்தெல்லாம் சொல்லித்தான் ஆகணும்னு இல்லன்னு 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா கட்டத்த காலியா விடக்கூடாது, சுப்ரீம் கோர்ட்டோட 2013 தீர்ப்புப்படி காலியா விட்டு, தேர்தல் ஆபீசர் ஞாபகப்படுத்தியும் நிரப்பலன்னா வேட்புமனுவ தள்ளலாம்.

மொழி விஷயம் சொல்லியாகணும். கேரளா பக்கத்து அஃபிடவிட் மலையாளத்துல வந்தா எங்க பெரியவங்களுக்கு ஒண்ணும் புரியாது. தமிழ், கன்னட சிறுபான்மையர் அவங்க மொழிலயே கவர்மென்ட்டுக்கு எழுதி அதே மொழில பதில் வாங்கலாம்னு கேரளாவோட 1969 ஆட்சிமொழிச் சட்டத்துலயே சொல்லியிருக்கு, வேட்பாளர் கணக்குக்கும் தமிழ்ல ஒரு பக்க சுருக்கம் கொடுத்தா என்ன? நான் இப்ப பண்றது மலையாளம் தெரிஞ்ச பசங்கள உக்கார வெச்சு வரி வரியா வாசிக்க சொல்றதுதான், டீக்கடைல நாலு பேர் கேட்டாங்கன்னா கூட்டம் கூடிரும், கேள்வியும் நல்லா வரும்.

என் மார்க் மைநேதாவுக்கு அஞ்சுக்கு நாலு, போர்ட்டலுக்கு மூணு. பஞ்சாயத்து எலக்‌ஷன் கணக்கு இந்தப் போர்ட்டல்ல இருக்காது, அத நடத்தறது மாநில தேர்தல் கமிஷன், அங்கதான் கேக்கணும். பொய் எழுதியிருக்குன்னு ஆதாரம் கைல இருந்தா மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 125ஏ பிரிவுல ஆறு மாசம் வரை தண்டனை உண்டு, ஜெயிச்ச ஆளோட எலக்‌ஷனையே எதிர்க்கணும்னா ரிசல்ட் வந்து 45 நாளுக்குள்ள ஹைகோர்ட்டுக்கு போயிரணும், அதனால பிடிஎஃப்ப அன்னைக்கே டவுன்லோட் பண்ணி வெச்சுக்குங்க.