கோவை கிளாட் வகுப்பு: கொடுத்த காசுக்கு எது தேறும்?

கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு. அதற்குக் காந்திபுரம் பக்கம் சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற வகுப்பு ஒன்று. ஏப்ரலில் தொடங்கி நவம்பர் கடைசி வரை. ஒரு பெட்டி நிறையப் புத்தகம், மாதாமாதம் நடப்புச் செய்திக் கையேடு, செல்போன் செயலியில் மாதிரித் தேர்வுகள். கட்டணம் மூன்று தவணை. முதல் தவணையிலேயே பாதியை வாங்கிவிடுகிறார்கள். பெயர் வேண்டாம். கோவை, ஈரோடு, சேலம் என்று எங்கே போய்ப் பார்த்தாலும் இதே அச்சில் வார்த்த வகுப்புகள் உண்டு.

பணம் கட்டும் முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது சட்டப் படிப்பா, தேசியச் சட்டப் பல்கலைக்கழகமா? மருதமலை ரோட்டிலிருக்கும் அரசு சட்டக் கல்லூரிக்கோ, 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரிகளுக்கோ நுழைவுத் தேர்வே கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் கொடுக்கிறது. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரு, ஹைதராபாத் போன்றவை வேண்டுமென்றால்தான் கிளாட். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ஐலெட் என்று தனித் தேர்வு. வரவேற்பு மேசையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் கேட்டால் மட்டும் சொல்கிறார்கள்.

பெட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். சட்டத்துக்கு மட்டும் தடிமனாக இரண்டு பாகம். புரட்டினால் கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420 என்றே நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 103, ஏமாற்றுக்கு 318. பெட்டி எத்தனை வருடத்துப் பழசு என்று பார்க்க இந்த ஒரு பக்கம் போதும். பிரிவு எண் தப்பாக இருப்பதால் கிளாட்டில் மார்க் போகாது, அது வேறு விஷயம். 2020இலிருந்து தேர்வு பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் முறைக்கு மாறிவிட்டது. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். "சட்டமெல்லாம் முழுசாச் சொல்லித் தருவீங்களா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்காக அச்சடித்த புத்தகம் இது.

சட்டப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மாதிரி. சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவின்படி, ஏலத்தில் சுத்தியல் விழும் வரை, கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம் என்று பத்தி சொல்கிறது. கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் ஏலம், ஒருவர் குவிண்டாலுக்கு 13,000 கேட்டுவிட்டு, தட்டுவதற்குள் வேண்டாம் என்கிறார், காதில் விழுந்தும் ஏலக்காரர் தட்டிவிடுகிறார். விலை கேட்டவர் சரக்கை எடுத்தாக வேண்டுமா? வேண்டியதில்லை. சந்தை நடப்பு தெரிந்த பையன் "பேச்சு மாறினா யாரு சேர்த்துக்குவாங்க" என்று யோசித்து இங்கே கோட்டை விடுகிறான். அடுத்த கேள்வியில் விதியையே திருப்புவார்கள்: "ஒருமுறை கேட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது என்று வைத்துக்கொண்டால்?" இப்போது 64ஆம் பிரிவை மனப்பாடம் செய்தவன் தப்பு செய்கிறான். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பத்தியில் எந்த வரி இந்தப் பதிலைத் தருகிறது என்று விரல் வைத்துக் காட்டப் பழக்குவது. வகுப்பில் சட்டம் எடுப்பவர் இதைச் செய்கிறார், நன்றாகவே செய்கிறார். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு அவர் நடத்தும் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்தான் இந்த வகுப்பிலேயே உருப்படியான பகுதி.

ஆனால் தேர்வில் பசங்களைக் கவிழ்ப்பது சட்டம் அல்ல, படிக்கும் வேகம். 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120 கேள்வி, 120 நிமிடம். தப்புக்குக் கால் மார்க் போகும். ஒரு பத்தி 450 சொல் வரை வரும். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் சொல் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிறவருக்குப் பத்திகளுக்கே 67 நிமிடம் போய்விடும். 250 சொல் படிக்கிறவருக்கு 40. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைக்கு அந்த 27 நிமிட வித்தியாசம்தான் முழுப் பிரச்சினை. இதற்கு வகுப்பு கொடுப்பது ஆயிரம் கடினச் சொற்கள் அடங்கிய பட்டியல். வீண். வீட்டிலேயே செய்யக்கூடியது: ஆங்கில நாளிதழ் தலையங்கத்தில் 450 சொல்லை எண்ணிக் கோடு போட்டு, மூன்று நிமிடம் வைத்துப் படித்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுவது. தமிழில் எழுத வரவில்லை என்றால் ஆங்கிலத்திலும் புரியவில்லை என்று அர்த்தம். தினம் மூன்று பத்தி. மூன்று நிமிடம் பழகிய பிறகு இரண்டரை, பிறகு இரண்டு.

லாஜிக்கல், அதாவது தர்க்கப் பாடம் இன்னும் மோசம். வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார், மாமனுக்கு மகள் முறை என்ன என்பதில் வாரக்கணக்கு ஓடுகிறது. ஐலெட் எழுதுபவருக்கு அது ஓரளவு உதவும். 150 கேள்வியில் 70 லாஜிக்கல் அங்கே. கிளாட்டில் பெரும்பாலும் ஒரு வாதத்தைக் கொடுத்து, அதன் எடுகோள் எது, எது அதைப் பலவீனமாக்கும் என்றுதான் கேட்கிறார்கள். கணக்குக்குப் பத்தாம் வகுப்புச் சதவீதம், விகிதம், சராசரி போதும். 10 முதல் 14 கேள்விதான் என்று கடைசிக்குத் தள்ளி, நேரமில்லாமல் அப்படியே விட்டு வருகிறார்கள். 12 நிமிடம் ஒதுக்கினால் இருக்கிறதிலேயே மலிவான மார்க் இதுதான்.

நடப்புச் செய்திக் கையேடு ஒற்றை வரித் துணுக்குகளால் ஆனது. இந்தப் பகுதியில் 28 முதல் 32 கேள்வி. பத்தி கொடுத்தாலும் பதில் பெரும்பாலும் பத்திக்குள் இருக்காது. ஒரு செய்தியின் வேர் வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது துணுக்கு. அதற்கான சட்டம் 1999இல் வந்தது, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, பதிவகம் சென்னையில் இருக்கிறது, முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை: இவ்வளவும் சேர்ந்தால்தான் ஐந்து கேள்விக்குத் தாங்கும். கையேட்டைத் தலைப்புப் பட்டியலாக வைத்துக்கொண்டு, தலைப்புக்கு அரைப்பக்கம் சொந்தமாக எழுதிவைப்பது மேல்.

மாதிரித் தேர்வுகளுக்காகத்தான் இந்தப் பணத்தைக் கொடுக்கலாம், அதுவும் திருத்தி வாங்கத் தெரிந்தால். முதல் சிக்கல், செயலியில் வைக்கிறார்கள். கிளாட் பேனா, தாள், ஓஎம்ஆர். திரையில் விரலால் தொடுவதற்கும் 120 வட்டம் நிரப்புவதற்கும் எட்டு, பத்து நிமிட வித்தியாசம் வரும். 37ஆம் கேள்வியை விட்டுவிட்டு 38இன் பதிலை 37இல் நிரப்பி, பத்துக் கேள்வி கடந்த பிறகு கண்டுபிடிக்கிற விபத்து செயலியில் நடக்கவே நடக்காது, அதனால் அதைத் தவிர்க்கவும் பழக முடியாது. ஒரு பத்தி முடிந்ததும் அதற்கான வட்டங்களை நிரப்பி, கடைசி எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் தப்பிக்கும் வழி. இரண்டாவது சிக்கல், காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள். உண்மைத் தேர்வு பிற்பகல் 2 முதல் 4 வரை. சாப்பிட்ட பிறகு வரும் மந்தத்தோடு எழுதிப் பழக வேண்டும். கேட்டுப் பாருங்கள், காலி அறையும் அச்சடித்த ஓஎம்ஆர் தாளும் கொடுக்கிறார்கள்.

நெகட்டிவ் மார்க் பயத்தையும் இங்கே தேவைக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். நான்கு பதிலில் இரண்டைத் தள்ள முடிந்தால், அப்படி நான்கு கேள்வியில் சராசரியாக இரண்டு சரி, இரண்டு தப்பு. கையில் நிற்பது ஒன்றரை மார்க். விட்டுவிட்டு வந்தால் பூஜ்யம்.

தேர்வுக்குப் பிறகு கொடுக்கும் ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதோடு வகுப்பு முடித்துக்கொள்கிறது. இரண்டு மணி நேரத் தேர்வுக்கு மூன்று மணி நேரத் திருத்தம் வேண்டும். தப்பான ஒவ்வொன்றுக்கும் காரணம் குறிக்க வேண்டும்: தெரியவில்லை, அவசரமாகப் படித்தேன், வெளியறிவை உள்ளே கொண்டுவந்தேன், நேரம் தீர்ந்தது. நான்கு தாளுக்குப் பிறகு எந்தக் காரணம் அதிகம் என்று பார்த்தால் அடுத்த வாரம் என்ன செய்வது என்று தெரிந்துவிடும். தேர்வை நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2020 முதல் 2022 டிசம்பர் வரை நடந்த தேர்வுகளின் தாள்களில் 150 கேள்வி இருக்கும். அவற்றிலிருந்து 120ஐ எடுத்து எழுதுங்கள், 2020க்கு முந்தையவை வேண்டாம்.

நல்ல ஆங்கிலம் உள்ள பிள்ளைக்கு மாதிரித் தேர்வுத் தொகுப்பு மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். முதலில் மறுப்பார்கள், ஆகஸ்டுக்குப் பிறகு ஒத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே வாசிப்பு தொடங்க வேண்டும். பிளஸ் டூ ஏப்ரல் தாமதம். டிசம்பர் முதல் ஞாயிறு கிளாட் முடிந்த கையோடு அரையாண்டுத் தேர்வு நிற்கும். நவம்பரில் வகுப்பு அறிவிக்கும் முழுநாள் பயிற்சி முகாமுக்குப் பள்ளி விடுப்பு போடுவதாக இருந்தால், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.