பிரேக் அசிஸ்ட்: நம்ம கடலோரச் சாலைக்கு உதவுமா?

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஆடு குறுக்கே பாய்ந்தால் பலரும் பெடலைச் சட்டென்று மிதிப்பார்கள், ஆனால் முழுபலத்தோடு மிதிப்பதில்லை. அந்தக் குறையைத்தான் காரில் வரும் பிரேக் அசிஸ்ட் வசதி நிரப்புகிறது. பெடல் இறங்கும் வேகத்தை சென்சார் பார்க்கும். அவசரம் என்று கண்டால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பம்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளும் விளிம்புவரை அழுத்தத்தை ஏற்றிவிடும். தானாக பிரேக் போடும் வசதி வேறு. இதற்குக் கால் வைத்தாக வேண்டும். பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காதீர்கள், எடுத்தால் உதவி நின்றுவிடும். காசு கொடுக்கத் தகுந்த வசதிதான்.

தனுஷ்கோடி சாலையில் மணல் ஏறிக்கிடக்கும் இடத்தில் மட்டும் இதை நம்பி வேகம் போகாதீர்கள். டயருக்கே பிடிப்பு இருக்காது. உப்புக்காற்றில், சக்கர வேகத்தைப் பார்க்கும் வீல் சென்சாரின் கனெக்டர் அரித்துப் பச்சை பூக்கலாம், அதனால் ஏபிஎஸ் கெடலாம். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், சாதாரண பிரேக் இருக்கும், அசிஸ்ட் இருக்காது. பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.