ஒரு வெள்ளி நாற்பது காசுக்கு வாங்கிய டொமைன்

சிங்கப்பூரின் தேக்காவில் என் அக்கா ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வாடிக்கையாளர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை நீட்டி, "உங்கள் பக்கத்தில் வேறு யாரோ விளம்பரம் செய்கிறார்களே" என்றார். அக்கா வாங்கிப் பார்த்தார். கடையின் இணைய முகவரியைத் தட்டினால் வேறு தையல் கடைகளின் விளம்பரங்கள் வரிசையாக வந்தன. அடியில், "இந்த முகவரியை வாங்க விருப்பமா?" என்று ஒரு பொத்தான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எனக்கு அழைத்தார். "என்ன தம்பி, நம் கடையை யாராவது எழுதி வாங்கிக்கொண்டார்களா?"

எழுதி வாங்கவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கடையின் டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, பதிந்து தந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. வழக்காட என்னிடம் பணமில்லை, அவர்களிடம் நிறைய இருக்கிறது. அதோடு, இந்த வித்தைகள் அவர்களுக்கு மட்டும் உரியவையும் அல்ல.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்காக ஒரு டாட் காம் பெயர் வாங்கினேன். முதல் ஆண்டுக்கு ஒரு வெள்ளி நாற்பது காசு. டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்துவது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். ஒரு பெயருக்கு ஓராண்டுக்கு அது பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் தொகை 2024 செப்டம்பரில் 10.26 அமெரிக்க டாலரானது. அசலுக்கும் கீழே ஒருவன் விற்கிறான் என்றால் பிறகு வேறு எங்கோ பிடிக்கப் போகிறான் என்பது தேக்காச் சந்தையில் மீன் வாங்கிப் பழகிய எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்றைக்குப் பணம் கட்டப் போனபோதே, கூடையில் நான் போடாத மூன்று சேவைகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி என்று எண்ணிக்கொண்டேன். பிடிமானம் வேறு இடத்தில் இருந்தது.

ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் ஏறியது. நான்காம் ஆண்டு முடிவில் 38 அமெரிக்க டாலர் கேட்டார்கள். சரி, வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். மாறுவதற்கு ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். கேட்ட ஐந்து நாட்களுக்குள் அதைத் தந்தாக வேண்டும் என்பது, உலகளவில் இந்தப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி.

உரையாடல் பெட்டியில் ஒருவர் வந்தார். மிகப் பணிவானவர். "குறியீடு உங்கள் பதிவு மின்னஞ்சலுக்குத்தான் போகும்" என்றார். அங்கேதான் என் தவறு. நான் பதிந்திருந்தது பழைய அலுவலகத்தின் மின்னஞ்சல். அந்த வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. "கவலை வேண்டாம், மின்னஞ்சலை மாற்றிவிட்டுக் கேளுங்கள்" என்றார். மாற்றினேன். சேமிக்கும் பொத்தானுக்குக் கீழே, கைத்தொலைபேசியில் விரலால் தள்ளினால் மட்டுமே தெரியும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதை நான் பார்த்தது பிறகுதான், பத்தாவது முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்து துழாவியபோது.

உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால் அந்த டொமைனை 60 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாமல் பூட்டுவார்கள். திருட்டைத் தடுக்க வந்த விதி. அதில் எனக்குக் குறையில்லை. இந்தப் பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அந்த வாய்ப்புதான் சாம்பல் நிறக் கட்டம். பணிவானவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மின்னஞ்சலை மாற்றியது ஆகஸ்டு 1. பெயர் காலாவதியாவது செப்டம்பர் 8. அவருடைய திரையிலும் அந்தத் தேதி இருந்திருக்கும்தானே?

மறுபடியும் கேட்டேன். இம்முறை வந்தவர், "காலாவதிக்குப் பிறகும் சலுகைக் காலம் உண்டு, அப்போது மாற்றிக்கொள்ளலாம்" என்றார். நம்பினேன். அந்த உரையாடலைப் படமெடுத்து வைக்கவில்லை. நீங்கள் எடுத்து வையுங்கள்.

செப்டம்பர் 8 கடந்து இரண்டே நாளில் விளம்பரப் பக்கம் முளைத்துவிட்டது. ஒரு வாரமாக அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம். பக்கம் போனதைவிட, அதே பெயரில் இயங்கிய கடை மின்னஞ்சல் போனதுதான் பெரிய அடி. அளவுக் குறிப்பும் துணியின் படமும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு, எங்கள் பக்கமிருந்து ஒரு வரியும் போகவில்லை. "அக்கா மாறிவிட்டார்" என்று ஒருவர் அவர் தோழியிடம் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அப்போதே 38 டாலரைக் கட்டியிருக்க வேண்டும். வீம்பு பிடித்து ஐந்து நாள் வாதாடினேன். ஆறாவது நாள், மீட்புக் கட்டணம் என்று இன்னும் 120 டாலர் சேர்ந்துகொண்டது. இப்படிப்பட்ட கட்டணத்தை முன்னரே அறிவித்திருக்க வேண்டும் என்பதும் ஐகான் விதி. அறிவித்திருந்தார்கள், யாரும் போகாத ஒரு பக்கத்தின் அடிவாரத்தில். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்ற விதியையும் மீறவில்லை. தள்ளுபடி விளம்பரங்கள் தினமும் வந்து குவியும் பெட்டியில் அவையும் இருந்தன. விதிகளை மதித்தே ஒருவனை உரிக்க முடியும் என்பதை அவர்களிடம்தான் கற்றேன்.

மொத்தம் 158 அமெரிக்க டாலர், நம் காசில் இருநூறு வெள்ளிக்கு மேல். கட்டினேன். அந்தப் பெயர் அதற்குள் ஏலப் பட்டியலிலும் ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் யார் கைக்குப் போயிருக்குமோ.

புகார் செய்யாமல் இல்லை. ஐகானுக்கு எழுதினேன். பதில் வந்தது, பணம் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தர வைப்பது அவர்கள் வேலையில்லை. இங்கே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும். ஆனால் எதிராளி கடல் கடந்து இருக்கிறார். எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் நான் படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது.

இந்தத் தொழிலின் பழைய கதைகளைப் பிறகு தேடிப் படித்தேன். முன்பே படித்திருந்தால் இரவு பதினொரு மணிக்கு அரைத் தூக்கத்தில் டொமைன் வாங்கியிருக்க மாட்டேன். 2008 ஜனவரியில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம், ஒரு பெயர் காலியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளர் தேடிப் பார்த்த மாத்திரத்தில் அந்தப் பெயரைத் தானே பிடித்து வைத்தது வெளியில் வந்தது. வேறு எங்கும் போய் வாங்க முடியாது, அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று விளக்கம் வேறு. அதற்கு முந்தைய ஆண்டு ரெஜிஸ்டர்ஃபிளை என்ற நிறுவனம் குளறுபடியில் சிக்கி, ஐகான் அதன் அங்கீகாரத்தையே பறித்தது. பணம் கட்டியும் பெயரை இழந்தவர்கள் பலர். இதில் என் 158 டாலர் தூசு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பணம் கட்டிய கையோடு மாறப் பார்த்தேன். புதிய நிறுவனத்தில் பேசிய பெண்தான் தடுத்தார். காலாவதியான தேதியிலிருந்து 45 நாட்களுக்குள் மாற்றினால், இப்போது கட்டிய ஓராண்டு கணக்கில் சேராமல் போகக்கூடும், பொறுங்கள் என்றார். அவருக்கு அந்த வாரமே என் பணம் கிடைத்திருக்கும், இருந்தும் சொன்னார். தீபாவளி முடியட்டும் என்று காத்திருந்து குறியீடு கேட்டேன். ஐந்தாம் நாள் இரவு 11.40க்கு வந்து சேர்ந்தது.

இப்போது அக்காவுக்கு டாட் காம் டாட் எஸ்ஜி முகவரியும் இருக்கிறது. அதற்கு இங்கே பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும், அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் வழியாக 21 நாட்களுக்குள் சரிபார்க்கவும் வேண்டும். அலுப்புதான், ஆனால் பெயர் யாருடையது என்ற கேள்விக்கு இடமில்லை. டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு என்றேன். "நம் எழுத்திலா?" என்று இரண்டு முறை கேட்டார். இம்முறை பதிவு மின்னஞ்சல் அக்காவுடைய சொந்த மின்னஞ்சல். கடைப் பெயரில் இருப்பதும் அல்ல, என்னுடையதும் அல்ல. காலாவதித் தேதியைத் தையல் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்.

பழைய டாட் காமை விட்டுத் தொலைக்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். விடலாம். போன ஆண்டு அந்த முகவரியை அச்சடித்து இரண்டாயிரம் துணிப்பைகள் வாங்கினோம். இன்னும் ஆயிரத்து முந்நூறு மிச்சமிருக்கின்றன.